கரியில் பஸ் ஓட்டிய மதுரை முதலாளி

பெட்ரோல் இல்லை. பஸ் ஓடுமா?

ஓடும் என்று காட்டினார் ஒருவர். அவர்தான் டி. வி. சுந்தரம் அய்யங்கார். "டி.வி.எஸ்." என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர்.

சம்பளத்தை உதறினார்

1877-ம் ஆண்டு நெல்லைச் சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்தார். முதலில் வக்கீல் தொழில் செய்தார். பிறகு ரெயில்வேயிலும், பாங்கியிலும் உத்தியோகம் பார்த்தார். மாதம் பிறந்தால் சம்பளம். ஆனாலும் அதை உதறிவிட்டு, மோட்டார் தொழிலில் துணிந்து இறங்கினார்.

1911-ல் பஸ் விட்டார். அப்போது சாலையில் மாட்டு வண்டியும் ஜட்காவும்தான் அதிகம். பஸ் என்றால் ஜனங்கள் அதிசயமாகப் பார்த்தார்கள்.

அவருடைய பஸ் சொன்ன நேரத்துக்குப் புறப்படும். அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

யுத்தம் வந்தது

1939-ல் உலக யுத்தம் மூண்டது. 1942-ல் பர்மாவை ஜப்பானியர் பிடித்தனர். பர்மா எண்ணெய் வருவது நின்றது. பெட்ரோல் அளந்துதான் கிடைத்தது.

பஸ் நின்றால் என்ன ஆகும்? சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் தவிப்பார்கள். டிரைவர், கண்டக்டர் வீடுகளில் அடுப்பு எரியாது.

சுந்தரம் அய்யங்கார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. "டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்" என்ற கரிவாயுக் கருவியைச் செய்து வெளியிட்டார்.

கரிவாயு எப்படி வேலை செய்தது?

பெட்ரோல் வண்டியில் "கார்புரேட்டர்" என்ற பாகம் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும். கரி பஸ்ஸிலோ, பெரிய உலை ஒன்று இருக்கும். அதில் அடுப்புக் கரியைக் கொட்டி, காற்றைக் குறைவாக விட்டு எரிப்பார்கள். கரி முழுவதும் எரியாமல், தீப்பற்றக்கூடிய வாயு உண்டாகும். அதை ஆறவைத்து, தூசியை வடிகட்டி, காற்றோடு கலந்தால் எஞ்சின் ஓடும்.

தொல்லையும் உண்டு. வாயு நன்றாகக் கிளம்பிய பிறகுதான் வண்டி புறப்படும். வேகம் குறைவு. மேட்டில் ஏறத் திணறும். வடிகட்டி கெட்டால் எஞ்சினும் கெடும். அந்த வாயு மூச்சில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மிகுந்த கவனம் வேண்டும்.

ஆனால் பஸ் ஓடியது! ஐரோப்பாவிலும் அந்த நாளில் இதே முறையில் பல வண்டிகள் ஓடின.

மகளைப் படிக்க வைத்தார்

வீட்டிலும் அவருக்குச் சோதனை வந்தது. மகள் சவுந்தரம் இளம் வயதிலேயே கணவனை இழந்தார். அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்கார வைப்பது அந்தக் கால வழக்கம். சுந்தரம் அய்யங்காரோ, மகளை டில்லிக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தார்.

1936-ல் டாக்டர் பட்டம் பெற்ற அந்த மகள்தான், 1947-ல் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். ஏராளமான ஏழைகளுக்கு அங்கே மருத்துவமும் கல்வியும் கிடைத்தன.

1955 ஏப்ரல் 28-ந் தேதி, கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

அவர் விட்ட பஸ்களைப் பின்னாளில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. கரி உலைகளும் மறைந்துவிட்டன. வழி அடைபட்டபோது மாற்று வழி தேடிய அந்தத் துணிவை மட்டும் மதுரை மறக்கவில்லை.