பந்து உதைத்த டாக்டர்

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்தால் போதும். இராயபுரம் பக்கத்தில் காலி இடம் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு பந்து உருளும். துறைமுகத் தொழிலாளியின் மகன், காசிமேட்டு மீனவரின் மகன், கல்லூரி மாணவன் எல்லோரும் ஒரே அணியில் ஓடுவார்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இதே காட்சிதான். சுற்றி நிற்கிற கூட்டமோ, ஆடுகிறவர்களைவிட அதிகமாகத் துடிக்கும்.

தங்கள் கல்லூரி ஜெயித்தால் தலைகால் தெரியாத சந்தோஷம். தோற்றால்? சிலருக்குச் சோறு இறங்காது. சிலர் நடுவரை ஏசுவார்கள். சிலர் எதிர் அணியின் ஆட்களோடு கைகலப்பில் இறங்குவார்கள். மறுநாள் பரீட்சை இருப்பதுகூட மறந்து போகும்.

விளையாட்டில் ஆசை வைப்பது நல்லது. ஆனால் அந்த ஆசைக்கு வாழ்க்கையில் எவ்வளவு இடம் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு ஒருவர் வாழ்ந்தே விடை காட்டினார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைவர் அவர். அவர் பெயர் தாலிமெரன் ஆவோ.

தந்தையின் ஆசை

திருவொற்றியூர், எண்ணூர் வழியாக வடக்கே போகும் ரெயில் பாதை, கல்கத்தாவரை செல்கிறது. கல்கத்தாவையும் தாண்டி, அசாமுக்கும் அப்பால் இருப்பது நாகர் மலைநாடு. அங்கே சாங்கி என்ற சிற்றூரில், 1918-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அவர் பிறந்தார். ஆவோ என்பது நாகர்களில் ஒரு குலத்தின் பெயர். சாங்கி இன்று நாகாலாந்து மாநிலத்தில் இருக்கிறது.

தந்தை கிறிஸ்தவ போதகர். வீட்டில் 12 குழந்தைகள். இவர் 4-வது பிள்ளை.

1935-ம் ஆண்டு, ஆவோவுக்கு 17 வயது. அப்போது அந்தக் குடும்பத்தின் தலையில் இடி விழுந்தது. டைபாய்டு காய்ச்சல் கண்டு தந்தை இறந்துபோனார். மகன் டாக்டருக்குப் படிக்க வேண்டும், படித்துவிட்டு நாகர் மக்களுக்கே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மலைநாட்டில் டாக்டர் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது.

தந்தை போய்விட்டார். அவர் ஆசையை மகன் சுமந்துகொண்டான்.

ஒரு கையில் புத்தகம்

கௌகாத்தி நகரில் காட்டன் கல்லூரி என்ற புகழ்பெற்ற கல்லூரி இருந்தது. ஆவோ அங்கே சேர்ந்தார். நல்ல உயரம், உறுதியான உடம்பு. கல்லூரி மைதானத்தில் அவர் பெயர் விரைவில் பரவியது. கௌகாத்தியில் இருந்த மகாராணா கழகத்துக்கும் அவர் பந்து ஆடினார்.

அதோடு படிப்பை அவர் விட்டுவிடவில்லை. 1942-ம் ஆண்டு கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்படுவது அதுதான்.

பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியை வடசென்னையில் அறியாதவர் இல்லை. அங்கே படிக்கும் மாணவர்களின் பாடு அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். இரவெல்லாம் படிப்பு, பகலெல்லாம் ஆஸ்பத்திரி. அதே பாடுதான் ஆவோவுக்கும். அதற்கு நடுவே 1943-ம் ஆண்டு மோகன் பகான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

மீன் கடையிலும் பந்து!

மோகன் பகான் சாதாரணக் கழகம் அல்ல. 1911-ம் ஆண்டு இங்கிலாந்துப் பட்டாளத்து அணி ஒன்றை 2-க்கு 1 என்று தோற்கடித்து, ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்ற கழகம் அது. பூட்சு போட்ட வெள்ளையர்களை, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்தியர்கள் வென்றார்கள். அடிமைப்பட்டுக் கிடந்த நாடே அன்று தலைநிமிர்ந்தது.

கல்கத்தா ரசிகர்களின் ஆசைக்கு அளவே கிடையாது. மோகன் பகான் ஒரு கட்சி. ஈஸ்ட் பெங்கால் இன்னொரு கட்சி. மோகன் பகான் ஜெயித்தால் அதன் ரசிகர் வீட்டில் இறால் குழம்பு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அதன் ரசிகர் வீட்டில் இல்சா மீன். யார் ஜெயித்தார்கள் என்பதை மீன் கடையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பார்கள்.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே ஆவோ பந்து ஆடினார். முதலில் முன்வரிசையில் நின்று கோல் போடுகிறவராக இருந்தார். பிறகு எதிரியின் தாக்குதலைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கு வந்தார். நாளடைவில் கழகத்துக்கே தலைவர் ஆனார்.

1944-ம் ஆண்டு ஜப்பானியப் படை நாகர் மலைநாட்டுக்குள் புகுந்தது. கோகிமா நகரில் கடும் போர் நடந்தது. ஆவோ கல்கத்தாவில் இருந்தார். சொந்த மலைநாடு குண்டுவீச்சில் சிதைந்துகொண்டிருந்தது. தந்தையின் ஆசை எவ்வளவு அவசரமானது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

கொடி ஏந்திய கை

1948-ம் ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இந்தியா சுதந்திரம் பெற்று ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. கால்பந்து அணிக்கு ஆவோ தலைவரானார். தொடக்க விழாவில் இந்தியாவின் தேசியக் கொடியை ஏந்திச் செல்லும் பெருமையும் அவருக்கே கிடைத்தது. ஜூலை 29-ந் தேதி வெம்பிளி மைதானத்தில் மூவர்ணக் கொடியுடன் அந்த மலைநாட்டு மாணவர் நடந்தார்.

ஜூலை 31-ந் தேதி பிரான்சு நாட்டு அணியுடன் ஆட்டம். இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். இதைப் பார்த்து வெளிநாட்டார் வியந்தார்கள். காலால் ஆடுவதால்தானே இதற்குக் கால்பந்து என்று பெயர், பூட்சு போட்டு ஆடினால் அது பூட்சுப் பந்து ஆகிவிடாதா என்று ஆவோ வேடிக்கையாகக் கேட்டதாகச் சொல்வார்கள்.

பிரான்சு முதலில் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்கு 2 முறை பெனால்டி வாய்ப்பு கிடைத்தது. கோல் காவலரை மட்டும் எதிரே வைத்து, 12 கஜ தூரத்திலிருந்து உதைக்கும் வாய்ப்பு அது. இரண்டும் வீணாயின! 70-வது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். ஆட்டம் சமநிலைக்கு வந்தது. முடிய ஒரு நிமிஷமே பாக்கி இருந்தபோது பிரான்சு மறுபடியும் கோல் போட்டுவிட்டது. இந்தியா 1-க்கு 2 என்று தோற்றது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆனாலும் மைதானத்தில் இருந்தவர்கள் இந்திய வீரர்களைக் கைதட்டிப் பாராட்டினார்கள். தங்கள் நாட்டு அணி அல்ல. ஜெயித்த அணியும் அல்ல. நல்ல ஆட்டத்துக்காகத் தட்டினார்கள். அவர்கள்தான் நல்ல ரசிகர்கள்.

புகழா, படிப்பா?

இங்கிலாந்தின் பெரிய கழகமான ஆர்சனல், ஆவோவைத் தங்களிடம் ஆட அழைத்தது என்று சொல்லப்படுகிறது. பணம் வரும், புகழ் வரும். ஆனால் ஆவோ லண்டனில் தங்கவில்லை. பாதியில் நின்ற படிப்பு கல்கத்தாவில் காத்திருந்தது. அவர் கப்பலையோ காசையோ எண்ணவில்லை. புத்தகத்தை எண்ணித் திரும்பினார்.

1942-ல் கல்லூரியில் சேர்ந்தவர், 1950-ல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். 8 ஆண்டுகள் ஆயின. ஆனால் படிப்பைக் கைவிடவில்லை.

பட்டம் வாங்கியபின் கல்கத்தாவின் ஆரவாரத்தை விட்டு மலைநாட்டுக்குத் திரும்பினார். கோகிமாவில் டாக்டராகப் பணிபுரிந்தார். ஒரு காலத்தில் போரில் சிதைந்த அதே ஊர்! 1963-ம் ஆண்டு நாகாலாந்து தனி மாநிலம் ஆயிற்று. பின்னர் அதன் சுகாதார இலாகாவுக்கே ஆவோ இயக்குநர் ஆனார். 1978-ம் ஆண்டு ஓய்வு பெற்றார்.

தந்தையின் ஆசை நிறைவேறியது.

வெறி கொண்டால்?

ஆவோ விட்டுவந்த கல்கத்தாவில் கால்பந்து ஆசை, ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 1975-ம் ஆண்டு கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்காலிடம் 5 கோல்களில் தோற்றது. அதைத் தாங்கமாட்டாமல் ஓர் இளம் ரசிகர் தம் உயிரையே விட்டார். 1980-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி, இதே இரு கழகங்கள் மோதிய ஆட்டத்தில் ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். நெரிசலில் 16 பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அவர்களைப் பெற்றவர்களின் கண்ணீரை எந்தக் கேடயம் துடைக்கும்?

அதே மோகன் பகானுக்குத் தலைமை தாங்கியவர் ஆவோ. நாட்டின் கொடியையே ஏந்தியவர். உலகம் பார்க்கக் கடைசி நிமிஷத்தில் தோற்றவர். அந்தத் தோல்வியோடு அவர் வாழ்க்கை நின்றுவிடவில்லை. மைதானத்தில் ஆடியவரே ஆட்டத்தை ஆட்டமாக எடுத்துக்கொண்டார். அப்படியிருக்க, ஓரத்தில் நின்று பார்க்கிறவர் உயிரைக் கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

டாக்டர் ஆவோ 1998-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி காலமானார். 2018-ம் ஆண்டு, அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசாங்கம் அவர் படத்துடன் தபால்தலை வெளியிட்டது.

ஆவோ பந்தை வெறுத்தவர் அல்ல. உயிராய் நேசித்தவர். ஆனால் எது முதல், எது பிறகு என்பதை அறிந்தவர். இராயபுரத்துப் பையன் தொண்டை கிழியக் கத்தட்டும். ஜெயித்தால் ஆடிப் பாடட்டும். தோற்றால் சிறிது நேரம் வருந்தட்டும். ஊதல் ஒலித்ததும் எதிர் அணிக்காரனோடு கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வரட்டும். அங்கே அம்மா சோறு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். புத்தகமும் காத்திருக்கும்.