சிறைப் பிள்ளைகளின் தந்தை

நம் கொடைக்கானல் மலைப் பங்குகளில் ஜான் போஸ்கோ என்று பெயர் சூடியோர் பலர். அப்புனிதரின் பணி சிறைச்சாலையில் பிறந்ததென்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. 1815-இல் பிறந்தவர்; இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தவர். 1841-இல் குருப்பட்டம் பெற்றதும், புனித கஃபாசோ அவரை இத்தாலியின் தூரின் நகரச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள் பேனும் பசியுமாகக் கிடந்தனர். விடுதலையானவர்களே மீண்டும் உள்ளே வந்தனர்; வெளியே ஆதரிப்பார் யாருமில்லை. ஆகவே ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டி, ஞானோபதேசத்தோடு எழுத்தும் கணக்கும் கற்பித்தார். முதலாளிகளிடம் கூலியும் ஓய்வு நாளும் குறித்து ஒப்பந்தம் எழுதி வாங்கினார். 1853-இல் செருப்பு, தையல் பட்டறைகள் திறந்தார். 1855-இல் சிறுவர் சிறையிலிருந்த பிள்ளைகளைக் காவலரின்றி உலாவ அழைத்துப் போனார். மாலையில் ஒருவர் குறையாமல் திரும்பினர் என்பர். இன்று எந்த அதிகாரி இதற்குச் சம்மதிப்பார்? 1888-இல் அவர் இறந்தார். 1906-இல் அவரது சலேசிய குருக்கள் தஞ்சைக்கு வந்து அநாதைப் பிள்ளைகளை ஏற்றனர்.