விறகு விற்றார்... போரை ஜெயித்தார்... கடனாளி ஆனார்!

நியூயார்க் போகிற எல்லோரும் சுதந்திர தேவி சிலை முன்னாடி செல்ஃபி எடுப்பாங்க. நீங்க போனா, ஹட்சன் நதிக்கரைப் பக்கமும் ஒரு நடை போயிட்டு வாங்க. அங்கே கிரானைட்டில் பிரமாண்டமா ஒரு கட்டடம் நிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரை வடக்குத் தரப்புக்கு ஜெயிச்சுக் கொடுத்த தளபதி யுலிசஸ் கிராண்டின் கல்லறை அது.

1822-ல் ஓஹியோவில் பிறந்தவர். 1854-ல் ராணுவ வேலையை விட்டார். அதுக்கப்புறம் தொட்டதெல்லாம் நஷ்டம். விவசாயம் கைகொடுக்கல. செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்றார். 1857 கிறிஸ்துமஸ் நேரத்தில் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வெச்சார்.

அந்தக் கஷ்ட காலத்தில் வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமை அவரிடம் இருந்தார். விற்றிருந்தால் நல்ல காசு கிடைச்சிருக்கும். விற்கலை. 1859-ல் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டார். அடிமை வெச்சிருந்ததே தப்புதானேன்னு நீங்க கேட்டா, ஆமா, தப்புதான்.

1861-ல் போர் வெடிச்சப்போ, அப்பாவோட தோல் பொருள் கடையில் அவர் சாதாரண ஊழியர். நாலே வருஷம்! 1865 ஏப்ரல் 9-ம் தேதி தெற்கின் தளபதி லீ அவரிடம் சரணடைந்தார். பிறகு ரெண்டு முறை அதிபர். அந்த ஆட்சியில் ஊழல் புகார்களுக்குப் பஞ்சமே இல்லை.

1884-ல் மறுபடியும் அடி. மகனின் பார்ட்னர் செய்த மோசடியில் சேமிப்பு மொத்தமும் போச்சு. அடுத்து தொண்டையில் புற்றுநோய். சுருட்டு பிடிக்கிற பழக்கம் அவருக்கு ரொம்பவே அதிகம். தான் போன பிறகு மனைவி ஜூலியா கடனோடு நிக்கக் கூடாதுன்னு, வலியோடு உட்கார்ந்து சுயசரிதை எழுதினார். பேசக் குரல் வராதப்போ துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். எழுதி முடித்த சில நாள்களில், 1885 ஜூலை 23-ம் தேதி இறந்துட்டார். மார்க் ட்வைனின் பதிப்பகம் அதை வெளியிட்டது. ஜூலியாவுக்குச் சுமார் 4.5 லட்சம் டாலர் ராயல்டி வந்தது.

கல்லறை விஷயத்தில் கிராண்டுக்கு ஒரே கண்டிஷன்தான்: பக்கத்தில் ஜூலியாவுக்கும் இடம் வேணும். சுமார் 90,000 பேர் போட்ட 6 லட்சம் டாலரில் அது எழும்பியது. 1897 ஏப்ரல் 27, அவரோட பிறந்தநாளில் திறந்தாங்க. 1902-ல் ஜூலியாவும் வந்து சேர்ந்தார்.

உள்ளே போய் கீழே எட்டிப் பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சிவப்பு கிரானைட் பேழைகள் இருக்கும்.