அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பரின் தபசுகாலம்

தபசுகாலத்தில் ஒவ்வொரு நாள் பூசைக்கும் தனித்தனி வேதவாசகங்களைத் தாய்த் திருச்சபை ஏற்படுத்தி வைத்திருக்கிறது. காலையில் கோவிலில் அவற்றைக் கேட்கிறோம். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்து போகிறது. இன்று என்ன வாசித்தார்கள் என்று மாலையில் நம் பிள்ளை கேட்டால், பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறோம். ஆயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு முன்னிருந்த கிறிஸ்தவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். அவர்களைத் திருத்துவதற்காக ஒரு தபசுகாலம் முழுவதும் பாடுபட்ட குருவானவர் ஒருவரின் சரித்திரத்தை இவ்வாரம் உங்களுக்குச் சொல்லுகிறோம். அவர்தான் அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பர். கிறிசோஸ்தோம் என்பது அவருடைய பிரசங்கத் திறமைக்காகப் பிற்காலத்தார் சூட்டிய பெயர். கிரேக்க மொழியில் அதற்குப் பொன் வாய் என்று பொருள்.

இவர் ஏறக்குறைய 349-ம் வருஷத்தில், சீரியா தேசத்தின் பெரிய நகரமாகிய அந்தியோக்கியாவில் பிறந்தார். அந்நகரம் இப்போது துருக்கி நாட்டில் இருக்கிறது. தகப்பனார் செகுந்துஸ் அரசாங்க உத்தியோகஸ்தர். மகன் கைக்குழந்தையாயிருக்கும்போதே அவர் இறந்துபோனார். தாயார் அந்தூசாவுக்கு அப்போது வயது இருபதுதான். அந்தப் புண்ணியவதி மறுவிவாகத்துக்கு இணங்காமல் மகனைத் தனியே வளர்த்து, அக்காலத்தில் பேர்பெற்ற ஆசிரியராகிய லிபானியுஸ் என்பவரிடம் நாவன்மை கற்க அனுப்பினாள். லிபானியுஸ் புறச்சமயத்தவர். அவரிடம் கற்ற கலையைக் கொண்டு அருளப்பர் நீதிமன்றத்தில் புகழும் பணமும் சம்பாதித்திருக்கலாம். ஆனால் அவர் மனம் அதை நாடவில்லை. வாலிப வயதில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு மலைக்குப் போய், நான்கு வருஷம் ஒரு முதிய தபோதனரிடமும், இரண்டு வருஷம் ஒரு குகையில் தனியாகவும் வசித்தார். அங்கே தூக்கத்தைக் குறைத்து வேதாகமத்தை மனப்பாடம் செய்தார். குளிராலும் கடுந்தவத்தாலும் உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 381-ல் தியாக்கோன் பட்டமும், 386-ல் குருப்பட்டமும் பெற்றார்.

குருவாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 387-ம் வருஷம் தபசுகாலம் தொடங்கும் சமயத்தில், தெயோதோசியுஸ் சக்கரவர்த்தி புதிய வரி ஒன்றை விதித்தார். அந்தியோக்கியா கொதித்தெழுந்தது. கூட்டம் தெருக்களில் திரண்டு, சக்கரவர்த்தியின் சித்திரங்களைக் கல்லால் அடித்தது. சக்கரவர்த்தி, காலஞ்சென்ற அவர் மனைவி, அவருடைய பிள்ளைகள் ஆகியோரின் சிலைகளைக் கீழே தள்ளித் தெருவில் இழுத்துச் சென்றது. சில மணி நேரத்தில் கலகம் அடங்கியது. அதன்பின் வந்தது பயம். அரசனுடைய சிலையை அவமதிப்பது அரசனையே அவமதிப்பதாகும் என்பது அக்காலத்துச் சட்டம். படை வந்து நகரத்தையே அழித்துவிடும் என்று ஜனங்கள் நடுங்கினார்கள். பலர் வீட்டைப் பூட்டிவிட்டு மலைகளுக்கு ஓடினார்கள். பிடிபட்டவர்களுக்கு அதிகாரிகள் மரண தண்டனை விதித்தார்கள்.

வயது முதிர்ந்த மேற்றிராணியார் பிலாவியான், மரணப் படுக்கையில் கிடந்த தம் சகோதரியையும் விட்டு, மன்னிப்புக் கேட்பதற்காகக் கொன்ஸ்தாந்தினோபிளுக்குப் புறப்பட்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தரைவழிப் பயணம் அது. நகரத்தின் ஆத்துமங்களைத் தேற்றும் பொறுப்பு அருளப்பர்மேல் விழுந்தது.

அவர் உடனே பிரசங்கம் செய்யவில்லை. துயரத்தில் விழுந்த யோபுவின் அருகில் அவருடைய சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தது போல, ஏழு நாள் மௌனமாயிருந்தார். அதன்பின் வாய் திறந்தவர், அந்தத் தபசுகாலம் முடியும்வரை ஓயவில்லை. அந்நாட்களைச் சேர்ந்த 21 பிரசங்கங்கள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. நாடகசாலைகளும் சந்தையும் வெறிச்சோடிக் கிடக்க, கோவில் நிரம்பி வழிந்தது.

அவர் என்ன போதித்தார் என்று கேட்பீர்கள். தபசுகாலத்தில் வாசிக்கப்படும் ஆதியாகமத்தை எடுத்து விளக்கினார். வானத்தையும் பூமியையும் படைத்த சர்வேசுரன், பாவம் செய்து ஒளிந்துகொண்ட ஆதாமைத் தாமே தேடி வந்து கூப்பிட்டாரென்றால், பயந்து ஒளிந்திருக்கும் இந்த நகரத்தைக் கைவிடுவாரோ என்று தைரியம் சொன்னார். தவம் செய்து அழிவுக்குத் தப்பிய நினிவே நகரத்தையும், சூளையில் போடப்பட்ட மூன்று வாலிபரையும் எடுத்துக்காட்டினார். படை வருகிறது என்ற வதந்தியால் ஒரு நாள் ஜனங்கள் கலங்கிப் போனார்கள். புறச்சமயத்தவரான அதிகாரியே கோவிலுக்குள் வந்து அவர்களைச் சாந்தப்படுத்த வேண்டியதாயிற்று. பிறருக்குத் தைரியம் சொல்லவேண்டிய கிறிஸ்தவர்கள் பிறரால் தேற்றப்பட்டார்களே என்று வெட்கப்பட்டு, அருளப்பர் அவர்களைக் கடிந்துகொண்டார்.

ஒருசந்தியைப் பற்றி அவர் சொன்னதைக் கவனியுங்கள். வாய் மாத்திரம் உபவாசம் இருந்தால் போதாது. கண்ணும் காதும் கையும் காலும் உபவாசம் இருக்கவேண்டும். மாமிசத்தை விலக்கிவிட்டுப் புறணி பேசுகிறவன் தன் சகோதரனுடைய மாம்சத்தைத் தின்கிறான் என்று கண்டித்தார். சாப்பிட்டுவிட்டோமே, இனி எப்படிக் கோவிலுக்குப் போவது என்று கூசி நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களை அவர் தள்ளிவிடவில்லை. சாப்பிட்ட பிறகும் தேவ வாக்கியத்தைக் கேட்க வந்தவர்களை மெச்சிக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தபசுகாலத்தில் அவர் தம் ஜனங்களிடம் ஒரே ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தொட்டதற்கெல்லாம் ஆணையிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதே அது. நகரமே அழியப் போகிறதென்று நடுங்கும்போது இது அற்பக் காரியமாகத் தோன்றலாம். ஆனால் ஏரோது யோசியாமல் இட்ட ஆணையினாலே ஸ்நாபக அருளப்பரின் தலை தட்டில் வந்ததை அவர் நினைப்பூட்டினார். வாசிக்கக் கேட்டது வாழ்க்கையில் ஒன்றையாவது மாற்றவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்கு வழியும் சொன்னார். வீட்டில் யார் ஆணையிட்டாலும், எஜமானே ஆனாலும், அன்றிரவு சாப்பாடில்லாமல் படுக்கவேண்டும்!

இதற்கிடையில் சக்கரவர்த்தியின் பிரதிநிதிகளாகிய செசாரியுஸ், எல்லெபிக்குஸ் என்னும் இருவர் வந்து சேர்ந்தார்கள். நகரத்தின் தலைமைப் பதவி பறிக்கப்பட்டது. நாடகசாலைகளும் ஸ்நான மண்டபங்களும் மூடப்பட்டன. நகர சபையாரை விசாரித்த மண்டபத்தின் வாசலில் தாய்மாரும் மனைவிமாரும் புழுதியில் விழுந்து அழுதார்கள். அப்போது மலைகளில் தவம் செய்துகொண்டிருந்த சந்நியாசிகள் இறங்கி வந்து, குற்றவாளிகளுக்காகப் பரிந்து பேசினார்கள். அவர்களில் மக்கதோனியுஸ் என்னும் எழுத்தறியாத ஒருவர், உடைந்த வெண்கலச் சிலையை மறுபடி வார்த்துவிடலாம், சர்வேசுரனுடைய சாயலாகிய மனிதனைக் கொன்றால் எந்தச் சக்கரவர்த்தியால் திரும்ப உண்டாக்க முடியும் என்று கேட்டாராம். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. செசாரியுஸ் சக்கரவர்த்தியிடம் விரைந்தார். பிலாவியானும் அங்கே கண்ணீரோடு மன்றாடினார். சக்கரவர்த்தி மனம் இளகி மன்னித்தார். மேற்றிராணியார் பாஸ்குவுக்குள் திரும்பி வந்தார். அவருடைய சகோதரியும் உயிரோடிருந்தாள். அந்தியோக்கியா அந்தப் பாஸ்குவை விளக்குகளாலும் மாலைகளாலும் கொண்டாடியது.

அருளப்பருடைய பின்நாட்களில் இப்படிப்பட்ட மன்னிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 398-ல் கொன்ஸ்தாந்தினோபிளின் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். அரண்மனை போன்ற இல்லத்தின் வீண் செலவுகளைக் குறைத்து, மிஞ்சிய பணத்தை வியாதியஸ்தர்களின் வைத்தியசாலைக்குக் கொடுத்தார். செல்வர்களின் ஆடம்பரத்தைக் கண்டித்ததால் பெரியவர்கள் பகைத்தார்கள். 403-ல் எயுதோக்சியா சக்கரவர்த்தினிக்குக் கோவிலருகே வெள்ளிச் சிலை நிறுத்தி ஆரவாரம் செய்ததை அவர் கண்டித்தபோது பகை முற்றியது. 404-ம் வருஷம் பாஸ்கு இரவில் சிப்பாய்கள் புகுந்து, ஞானஸ்நானம் பெற வந்தவர்களை அடித்து விரட்டினார்கள். அவ்வருஷமே அவர் ஆர்மேனியாவிலுள்ள குக்குசுஸ் என்னும் ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கிருந்தும் கடிதங்கள் மூலம் தம் மந்தையைத் தேற்றினார். 407-ல் கருங்கடல் கரைக்கு அவரைக் கொண்டுபோகும்படி கட்டளை வந்தது. வெயிலிலும் மழையிலும் மூன்று மாதம் நடத்திச் சென்றார்கள். வழியில் கொமானா என்னும் ஊரில், செப்டம்பர் 14-ந் தேதி, தேவநற்கருணை உட்கொண்டு, எல்லாவற்றுக்காகவும் சர்வேசுரனைத் துதித்தபடி உயிர்விட்டார். முன்பொரு நகரத்தைத் தேற்றிய அந்த நாவு, தன் துன்பத்திலும் முறையிடவில்லை. திருச்சபை அவரை வேதபாரகராகக் கொண்டாடுகிறது. 1908-ல் அர்ச். பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் அவரைப் பிரசங்கிகளின் பாதுகாவலராக நியமித்தார். அவர் திருநாள் இப்போது செப்டம்பர் 13-ந் தேதி.

கிறிஸ்தவக் குடும்பத் தலைவரே, தலைவியே, அருளப்பர் தம் ஜனங்களுக்குச் சொன்ன இன்னொரு யோசனையை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறோம். வீட்டில் இரண்டு பந்தி இருக்கவேண்டும், ஒன்று சாப்பாட்டுக்கு, மற்றொன்று தேவ வாக்கியத்துக்கு என்பார் அவர். கோவிலில் கேட்டதைத் தகப்பன் சொல்ல, தாயும் பிள்ளைகளும் வேலைக்காரரும் கேட்கவேண்டும் என்பார். இது பெரிய காரியமல்ல. சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் போதும். இன்று வாசித்தது என்ன, அதற்காக நாளைக்கு நாம் விடவேண்டியது என்ன என்று பிள்ளைகளையே கேளுங்கள். என் பிள்ளை மேல் ஆணை என்றும் என் கண்ணாணை என்றும் நம் வீடுகளிலும் பேச்சுக்குப் பேச்சு கேட்கிறோமே! இந்தத் தபசுகாலத்தில் அதை மாத்திரமாவது விட்டால், அந்தியோக்கியா கேட்ட பிரசங்கத்தை நாமும் கேட்டவர்களாவோம்.

அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பரே, எங்கள் நாவைக் காத்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.