கையெழுத்தே பேச்சாக இருந்தவர்

சிம்போசியம் போஸ்டர்னா உடனே பிரஷ் ஸ்கிரிப்ட் ஃபாண்ட் தேடுவோம். கையால எழுதின மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். ஆனா நம்ம திருவண்ணாமலையில ஒருத்தருக்குச் சில வருஷம் கையெழுத்துதான் பேச்சே. அவர் ரமண மகரிஷி.

1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 16 வயசில் மதுரை வீட்டைவிட்டுக் கிளம்பினார். அண்ணனின் காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயில் 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டார். (ஃபீஸ் பணம்! நாம செஞ்சா வீட்டுல என்ன ஆகும்?) கடிதத்தின் அடியில் பெயர் இல்லை, வெறும் கோடு.

1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்தார். பேச்சு நின்றுபோனது. 1898-இல் அம்மா அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, நாள்கணக்கில் அழுது கூப்பிட்டார். மகன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பேப்பரும் பென்சிலும் நீட்டினார்கள். நடப்பது விதிப்படியே நடக்கும், மௌனமாக இருப்பதே நல்லது என்ற கருத்தில் சில வரி எழுதிக் கொடுத்தார். அம்மா மகன் இல்லாமலே ஊர் திரும்பினார்.

1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னாடி ‘நான் யார்?’ நூலாச்சு.

பிறகு பேச ஆரம்பித்தும் எழுதுவதை விடவில்லை. தமிழ், தெலுங்கு, மலையாளம், சமஸ்கிருதம் என நான்கிலும் எழுதினார். புத்தக ப்ரூஃப் திருத்தினார். 1950-இல் மறைந்தார். பிரஷ் ஃபாண்ட்ல வர்ற வீச்சு, சுழிப்பு எதுவும் அந்த எழுத்தில் கிடையாது. சின்னதா, தெளிவா, அச்சடிச்ச மாதிரி இருக்கும். அடுத்த தடவை கிரிவலம் போனா ஆசிரமப் புத்தகக் கடையில தேடிப் பாருங்க.