நான் அறிந்த லோயிஸ் அம்மா

மலருக்கு ஒரு பெரிய மனுஷியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் குழுவில் மற்றவர்கள் வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் லோயிஸ் வில்சன் அம்மாவை எடுத்துக்கொண்டேன். ஏன் என்று படிக்கும்போது தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பத்தாவதுதான்.

இந்த அம்மா 1891-ல் அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில் இருக்கும் புரூக்ளினில் ஒரு டாக்டரின் மகளாகப் பிறந்தவர். 1918-ல் தன்னைவிட நாலு வயசு சின்னவரான பில் வில்சனைக் கல்யாணம் செய்தார். பட்டாளத்தில் பழகிய குடி பில்லை விடவில்லை. பங்குச் சந்தையில் நல்லா சம்பாதித்தவர்தான், எல்லாம் போச்சு. பிள்ளையும் இல்லை. அப்பா வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, இந்த அம்மா ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துக் கஞ்சி ஊத்தினார். இனிமே தொடமாட்டேன் என்று பில் வீட்டு பைபிளிலேயே பலமுறை எழுதிக் கையெழுத்து போட்டிருக்கிறார். நம்ம ஊரில் கோயிலில் கயிறு கட்டுகிற மாதிரிதான். என் வீட்டுக்காரர் மூணு தடவை கட்டினார்.

1934 டிசம்பரில் நாலாவது தடவையாக ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு பில் குடியை விட்டார். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, குடியை விட்டிருந்த பழைய சிநேகிதர் ஒருவர் வீடு தேடி வந்து பேசிவிட்டுப் போனதும் ஒரு காரணம். அடுத்த வருஷம் மே மாசம் ஒரு தொழில் விஷயமாக ஆக்ரன் என்கிற ஊருக்குப் போன இடத்தில் வேலை கைகூடவில்லை. தங்கின ஓட்டலில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். பில் டெலிபோன் பக்கம் போனார். அங்கே எழுதிப் போட்டிருந்த பட்டியலைப் பார்த்து சர்ச்சுக்காரர்களைக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேணும் என்று கேட்டிருக்கிறார். கேட்டுக் கேட்டு, ஒரு அம்மா மூலமாக டாக்டர் பாப் ஸ்மித் கிடைத்தார். கால் மணி நேரம் போதும் என்று வந்த டாக்டர் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து பேசினாராம். ஏ.ஏ. கூட்டம் என்று இன்னிக்கு உலகம் பூரா நடப்பது அப்படித்தான் ஆரம்பிச்சது.

ஊர் திரும்பின பில் தன் வீட்டிலேயே செவ்வாய்க்கிழமை ராத்திரி கூட்டம் போட்டார். தங்க இடமில்லாத குடிகாரர்களும் அங்கேயே தங்கினார்கள். கடை வேலையும் பார்த்து, வீட்டில் அத்தனை பேருக்கும் சமைத்தது லோயிஸ் அம்மா. ஒரு நாள் கூட்டத்துக்கு நேரமாச்சு என்று பில் அவசரப்படுத்த, அம்மாவுக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், காலில் போட இருந்த செருப்பை எடுத்து வீசிவிட்டார்.

இதை முதலில் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. குடிக்கும்போது வீசாத செருப்பை, திருந்தின பிறகு வீசுவானேன்? அப்புறம் என்னையே நினைத்துப் பார்த்தேன். பதினோரு வருஷம் நான் அழுதேன், கெஞ்சினேன், பாட்டிலை ஒளித்து வைத்தேன். குழுவில் எடுத்த கடனும் அதில்தான் போச்சு. கேட்காத மனுஷன், முன்னப்பின்ன தெரியாத நாலு பேர் சொல்லிக் கேட்கிறார். சந்தோஷப்படாமல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. லோயிஸ் அம்மாவுக்கும் அதேதான். பதினேழு வருஷமாக முடியாததை மற்றவர்கள் முடித்துவிட்டார்களே என்று. தனக்கும் உடம்பில் இல்லாத ஒரு நோவு இருக்கிறது என்று அந்தச் செருப்புக்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

1939-ல் கடனுக்கு வீடு போய், ரெண்டு வருஷம் ஐம்பது இடங்களில் மாறி மாறித் தங்கினார்கள். அதைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. அம்மா கவனித்தது வேற. புருஷன் கூட்டத்தில் இருக்க, பெண்சாதிமார் வெளியே காரிலும் அடுப்படியிலும் காத்துக்கிடந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். 1951-ல் ஒரு தோழியோடு சேர்ந்து, அங்கங்கே இருந்த 87 குடும்பக் குழுக்களுக்குக் கடிதம் போட்டு, குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். பில் 1971-ல் இறந்தார், அதுவும் அவர்கள் கல்யாண நாளில். அம்மா 97 வயசு வரை இருந்து 1988-ல் போய்ச் சேர்ந்தார்.

நானும் டவுனில் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மூணு வாரம் காத்துக்கிடந்தவள்தான். உள்ளே இருந்து ஒரு அக்கா வந்து, பக்கத்து வகுப்பில் நமக்கும் கூட்டம் இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார். லோயிஸ் அம்மா கதையைச் சொன்னதும் அவர்தான். அங்கே சந்தா இல்லை, தீர்மான நோட்டு இல்லை, பேரைக்கூட முழுசாகக் கேட்கமாட்டார்கள். அங்கே பேசினது வெளியே வராது. போன மாசித் திருவிழாவில் இவர் மறுபடி குடித்துவிட்டார். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. நான் போனேன். அடுத்த வாரம் ரெண்டு பேரும் போனோம்.

ஞாயிறு சாயந்திரம் நாலு மணி பஸ். எங்கள் ஊர் நிறுத்தத்தில் நான் நிற்பேன். யாராவது வருவதென்றால் காரணம் சொல்ல வேண்டாம், வந்து ஏறினால் போதும்.