துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள்

கீழ்பென்னாத்தூரினின்றும் கிழக்கே செல்லும் பெருவழி செஞ்சியை அடைகின்றது. 1750ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி புசி என்பான் அம்மலைக்கோட்டையை ஓரிரவிற் கைக்கொண்ட செய்தி இப்பக்கத்து முதியோர் பலரும் கேட்டிருப்பர். அக்காலத்தே புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்சின் வலக்கையாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையவர்களை, அரசியற் செய்திகளைத் தினந்தோறும் எழுதிவைத்தவர் என்றே பலரும் அறிவர். அவர் முதற்கண் ஒரு வணிகர். பெருங்குடும்பமொன்றைத் தாங்கிய தலைவர். அப்பகுதியையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிள்ளையவர்கள் 1709ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. தந்தையாரின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியிற் பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் துபாஷாக இருந்தவர். அவர் அழைப்பின் பேரிலேயே இக்குடும்பம் புதுச்சேரி சேர்ந்தது. சேர்ந்த சின்னாளில் இடி விழுந்தது. கவர்னர் ஏபேர் நைனியப்பரைச் சிறையிலிட்டுக் கசையடியும் பெருந் தண்டமும் விதித்தான். அவர் 1717இற் சிறையிலேயே உயிர் நீத்தார். திருவேங்கடம் பிள்ளை அஞ்சிச் சென்னைக்கு மீண்டார்.

நைனியப்பரின் மைந்தர் குருவப்ப பிள்ளையோ வேறு வழி கண்டார். கப்பலேறி இங்கிலாந்து வழியாகப் பிரான்சு தேசம் சென்று, அரசப் பிரதிநிதியிடம் நேரே முறையிட்டு, கிறிஸ்தவராகிச் செவாலியே பட்டமும் பெற்றுத் திரும்பி, தந்தையார் இழந்த பதவியிலேயே அமர்ந்தார். அந்நாளிற் கடல் கடந்து நீதி கேட்ட இத்துணிவை நினைக்க வியப்பே மிகுகின்றது. ஆயினும் 1724இல் அவரும் மறைந்தார்.

துபாஷ் பதவியின் ஏற்றமும் இறக்கமும் இவ்வண்ணம் இளமையிலேயே ஆனந்தரங்கருக்குக் கண்கூடாயின. புதுச்சேரிக்கு மீண்டும் அழைக்கப்பட்டு வந்திருந்த தந்தையார் 1726இற் காலமாகவே, பதினேழு வயதினரான அவர்மேற் குடும்பச் சுமை வீழ்ந்தது. கவர்னர் லெனுவார் இளைஞரின் திறமையறிந்து பறங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார். பிள்ளையவர்கள் அவ்வளவில் அமையவில்லை. லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் தம் சொந்தச் செலவில் வியாபாரத் தலங்கள் நிறுவினார். ஐரோப்பியச் சரக்குகளை உள்நாட்டிற் கொடுத்து, அதற்கீடாக உள்நாட்டுச் சரக்குகளைக் கொண்டுவருவதே அவற்றின் நோக்கம். நெய்வோர்க்கு முன்பணம் கொடுத்துக் குறித்த தவணையில் துணி பெறுதல் அக்கால வழக்கம். நவாபின் படையோ மராட்டியரோ வழி மறித்தால் முன்பணமும் போம், துணியும் போம். அத்தகைய காலத்தில் தம் கைப்பொருளை உள்நாட்டில் இறக்கினார் என்றால் அவர் நெஞ்சுரத்தை என்னென்பது! ‘ஆனந்தப் புரவி’ என்னும் பெயருடைய கப்பலொன்றும் அவருக்கு உரித்தாயிருந்தது.

இவருக்குப் பாக்குக் கிடங்கொன்றும் உண்டு. கவர்னரைக் கண்டு மீண்ட பின்னர் இவர் பெரும்பாலும் வந்தமர்வது அக்கிடங்கிலேயாம். ஊர்ச் செய்தியும் கடற் செய்தியும் அங்கேயே வந்து சேரும். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி, இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவர் எழுதிவந்த தினப்படிச் செய்திக் குறிப்பிற்கு அக்கிடங்கும் ஓர் ஊற்று. சரக்கு விலை, கப்பல் வருகை, யார் யாரை எந்நேரத்திற் கண்டார், என்ன பேசினார் என்பனவெல்லாம் பேச்சு நடையிலேயே எழுதியிருக்கின்றார். கணக்கெழுதிப் பழகிய கையன்றோ! நாள், நட்சத்திரம், நாழிகை ஒன்றும் விடார்.

செங்கற்பட்டுச் சேஷாத்திரி பிள்ளையின் குமாரத்தி மங்கைத்தாயம்மாள் இவர் மனைவியார். மகளிர் மூவரும் ஆண்மக்கள் இருவரும் பிறந்தனர். ஆண்மக்கள் இருவரும் இளமையிலேயே இறந்தனர். இத்துயரைத் தாங்கியவாறே தம்பி திருவேங்கடம் பிள்ளையின் மக்களைத் தம் மக்களாகவே பாவித்து வந்தார்.

தலைமைத் துபாஷ் கனகராய முதலியார் 1746இற் காலஞ்சென்றார். பலர் போட்டியிட்டனர், துய்ப்ளேக்சின் மனைவியாரும் இவருக்கு எதிராயிருந்தார். எனினும் 1747இற் பதவி இவரை அடைந்தது. 1749இல் முசபர்சங்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்னும் பெருமையை அளித்தான். புலவர் பலர் இவரை அடுத்தனர். சீனிவாச கவி 1752இல் வடமொழியிற் சம்புவொன்று இயற்றினார்.

இவ்வேற்றத்திடையே தீராத நோவொன்றும் உண்டு. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, வேதபுரீசுவரர் ஆலயத்தைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். தலைமைத் துபாஷாயிருந்தும் பிள்ளையவர்களால் அதனைத் தடுக்க இயலவில்லை. பதவியைத் துறந்து எழுந்திருக்கலாகாதா என இன்று வினவுவோர் உளர். நைனியப்பரின் முடிவை அறிந்த குடும்பத் தலைவர் ஒருவரிடம் அதனை எதிர்பார்த்தல் எளிதன்று என்பதே எமது கருத்து. ஆயினும் வினா பொருளற்றதென்று தள்ளவும் மனம் வரவில்லை.

1754இல் துய்ப்ளேக்சு தாய்நாட்டிற்கு அழைக்கப்பட்டான். அதன்பின் பிள்ளையவர்களின் செல்வாக்குத் தேய்ந்தது. 1756இற் பதவியும் நீங்கிற்று. லாலி என்பான் வந்தபின் 1760 சனவரியில் நம் வட்டாரத்து வந்தவாசியிற் பிரெஞ்சுப் படை முறிந்தது. கூட்டின் ஆங்கிலப்படை புதுச்சேரியை வளைத்துக்கொள்ள, நகரிற் பஞ்சம் தலைவிரித்தாடியது. நோயுற்றுக் கிடந்த பிள்ளையவர்கள் 1761 சனவரி 12ஆம் நாள் ஆவி துறந்தார். நான்கு நாள் கழித்து, 16ஆம் நாள், நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. செஞ்சிக் கோட்டையும் அவ்வாண்டு ஏப்ரலிற் பணிந்தது.

தம்பி மகன் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை, பெரியதந்தையார் விட்ட இடத்திலிருந்து நாட்குறிப்பைத் தொடர்ந்தெழுதினார். 1846இற் கலுவா மொம்பிரான் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுக்கும்வரை அச்சுவடிகளை உலகம் அறியாது. பின்னர் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் அவை வெளிவந்தன. அவர் பெயரால் வழங்கும் வீதி புதுச்சேரியில் இன்றும் உளது; அவர் வாழ்ந்த மாளிகையையும் ஆங்குக் காணலாம்.